குளிரில் உடம்பு ஏன் வலிக்கிறது? ஜோகன்னஸ்பர்க் வந்த நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜோகன்னஸ்பர்க்கின் தென்பக்கம் ஒரு மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பது என் வேலை. மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை, தமிழ் பேசுகிறவர் யார் வந்தாலும் கேள்வி ஒன்றுதான், ஆள்தான் வேறு. ஊரில் அக்கினி நட்சத்திரத்தைத் தாண்டி மகனைப் பார்க்க விமானம் ஏறிய அம்மாக்கள், மிட்ராண்டில் வேலை கிடைத்து வந்த பிள்ளைகள், டர்பனில் பிறந்து லெனேசியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஆயாக்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. ஜூலை இரவுகளில் சராசரியாக 4 டிகிரி, சில விடியற்காலைகளில் பூஜ்யத்துக்கும் கீழே. வீடுகளைப் பார்த்தால் குளிர்காலம் என்ற ஒன்று இருப்பதையே மறந்து கட்டியது போல இருக்கும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய்தான் எழுதி வைக்கிறேன். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போயே ஆக வேண்டிய இடங்களை அந்தந்தப் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

குளிர்ந்தால் குளிர வேண்டியதுதானே, ஏன் வலிக்கவும் செய்கிறது?

தோலில் இருக்கிற நரம்பு நுனிகளில் சின்னச் சின்ன வாயில்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் டிஆர்பிஎம்8. கைத்தோலின் வழக்கமான வெப்பம் 32, 33 டிகிரி. அது இருபத்தைந்துக்குப் பக்கத்தில் இறங்கும்போது இந்த வாயில் திறந்து "சில்லென்று இருக்கிறது" என்று மூளைக்குச் செய்தி போகிறது. 2002-இல் இதைத் தனித்தனியாகக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும், வெப்பத்தையும் தொடுதலையும் உடம்பு உணரும் விதத்தைக் காட்டியதற்காக 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை குளிர்ச்சிதான், வலி இல்லை. தோல் இன்னும் இறங்கி 15 டிகிரியை ஒட்டி வரும்போது பலருக்கு வலி நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. ஆளுக்கு ஆள் இந்த எல்லை நிறையவே மாறும். ஒரே பால்கனியில் கணவர் டீ குடித்துக்கொண்டு நிற்பார், மனைவிக்கு விரல் கடுக்கும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. டிஆர்பிஎம்8 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள்கூடக் கடுங்குளிரில் விலகி ஓடுகின்றன. அதை உணர இன்னொரு வாயில் இருக்கிறது, அது குளுகே2 என்று 2024-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் எலிகளில் காட்டினார்கள். ஆக, "சில்" என்பது ஒரு செய்தி, "ஐயோ" என்பது வேறொரு செய்தி. இரண்டாவது வந்தால், சதை கெட ஆரம்பிப்பதற்கு முன்னால் கையை எடு என்று அர்த்தம்.

குளிர் எலும்புக்குள்ளேயே போய்விட்டது என்று என் மாமியார் சொல்கிறார். அப்படிப் போகுமா?

மாமியார் உணர்வதைச் சரியாகத்தான் சொல்கிறார். காரணம்தான் வேறு. குளிர் வந்ததும் உடம்பு ஒரு கஞ்சக் குடும்பத் தலைவராகிவிடுகிறது. இதயம், மூளை, ஈரல் இருக்கிற நடுப்பகுதியை 37 டிகிரியில் வைத்தே தீர வேண்டும். அதனால் கை, கால், காது, மூக்கு நுனிக்குப் போகிற இரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். சூட்டைக் கொண்டு வருவது இரத்தம்தானே, அது குறைந்ததும் விரலில் தோல் மட்டுமல்லாமல் உள்ளே இருக்கிற சதை, மூட்டு, குழாய்கள் எல்லாம் சேர்ந்து குளிர்ந்துவிடுகின்றன.

இரத்தக் குழாயின் சுவரிலும் வலி நரம்பு இருக்கிறது, எலும்பைப் போர்த்தியிருக்கிற மெல்லிய சவ்வில் அதைவிட நிறைய இருக்கிறது. அங்கிருந்து வருகிற வலி ஊசி குத்துவது போல ஓர் இடத்தைக் காட்டாது. நாம் குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என்கிறோமே, அந்த ஜாதி. "எங்கே வலிக்கிறது?" என்று மருத்துவர் கேட்டால் முழங்கையிலிருந்து விரல் வரை தடவிக் காட்டத் தோன்றுவது இதனால்தான்.

கையுறை போட்டுக்கொண்டும் விரல் வலிக்கிறதே, மட்டமான கையுறையா?

கையுறையைக் குறை சொல்லாதீர்கள். அது சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கஞ்சத் தலைவர் விரலுக்கு இரத்தமே அனுப்பவில்லை என்றால் கையுறை எதைப் பிடித்து வைக்கும்? முதலில் உடம்பின் நடுப்பகுதிக்கு ஒரு பனியனும் ஸ்வெட்டரும் கூடுதலாகப் போடுங்கள், கழுத்தை மூடுங்கள், பத்து நிமிடம் வேகமாக நடங்கள். நடு நிறைந்தால் ஓரத்துக்கும் படி அளப்பார்.

இறுக்கமான கையுறையும் மூன்று ஜோடி சாக்ஸும் வேண்டாம். இரத்த ஓட்டத்தை நீங்களே அமுக்குகிற வேலை அது. விரல்கள் எல்லாம் ஒரே பைக்குள் இருக்கிற மாதிரிக் கையுறை, விரல் விரலாகப் பிரிந்ததைவிடச் சூடாக வைக்கும்.

முதலில் பயங்கரமாக வலித்தது, அப்புறம் வலியே இல்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நரம்பு குளிரக் குளிர அதில் செய்தி போகும் வேகம் குறைகிறது. தொடுவுணர்ச்சி முதலில் மங்கும்: சட்டைப் பொத்தான் போட முடியாது, சாவி கைநழுவும். வலி மட்டும் விடாமல் இருக்கும். வலி நரம்பில் இருக்கிற ஒரு வகைச் சோடியம் வாயில் மற்றவை எல்லாம் குளிரில் முடங்கிய பிறகும் வேலை செய்வதை 2007-இல் கண்டறிந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு எல்லாரும் போன பிறகும் காவல்காரர் மட்டும் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் குளிர்ந்தால் காவல்காரரும் விழுந்துவிடுவார். அதைத்தான் மரத்துப்போவது என்கிறோம். விரல் நுனி வெளிறி, மெழுகு மாதிரி கெட்டியாகி, கிள்ளினாலும் தெரியவில்லை என்றால் பழக்கம் என்று நினைக்காதீர்கள். உடனே சூடான இடத்துக்குப் போங்கள். ஊருக்குள் இந்த நிலை அபூர்வம். டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி பார்க்கப் போகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஐஸ் தண்ணீரில் கை வைத்து ஐந்து, பத்து நிமிடம் ஆனதும் சிலருக்கு விரல் தானாகச் சிவந்து கொஞ்சம் சூடாகும், வலியும் தணியும், பிறகு மறுபடி குளிரும். தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1930-இல் விவரித்த விஷயம். தலைவர் அவ்வப்போது இரக்கப்பட்டுக் கொஞ்சம் இரத்தத்தை விடுகிறார். அங்கே உணர்ச்சி போவதில்லை, திரும்பி வருகிறது. வித்தியாசம் அதுதான்.

வெளியே இருந்தபோது வந்த வலியைவிட, உள்ளே வந்து சுடுதண்ணீரில் கை வைத்ததும் உயிரே போகிறது. ஏன்?

2023 ஜூலை 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பனி விழுந்தது. அதற்கு முன் அப்படி விழுந்தது 2012 ஆகஸ்டில். பிள்ளைகள் எல்லாம் வெறுங்கையால் பனியை உருட்டி விளையாடினார்கள். அன்று மாலை கடைக்கு வந்த பெற்றோர் அத்தனை பேரும் கேட்டது இதைத்தான். இறுகியிருந்த குழாய்கள் திடீரென்று விரிய, இரத்தம் பாய்கிறது. இரத்தம் இல்லாத நேரத்தில் திசுவில் தேங்கியிருந்த கழிவுப் பொருள்கள் வலி நரம்பைச் சீண்டுகின்றன. முடங்கியிருந்த நரம்புகளும் ஒரே நேரத்தில் விழித்துக் கத்துகின்றன. பாதி மரத்த கைக்குத் தண்ணீர் எவ்வளவு சூடு என்று தெரியாது என்பதால் பொசுங்கவும் வாய்ப்பு உண்டு.

வெதுவெதுப்பான தண்ணீர் போதும், முழங்கை வைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். அல்லது கையை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் முன்னால் காலை நீட்டாதீர்கள். குளிர்ந்த விரலைச் சடாரென்று சூடாக்குகிற பழக்கம் இருந்தால் சில மணி நேரம் கழித்து விரல்களில் சிவப்பும் ஊதாவுமாகத் தடித்து, அரித்து, எரியும். சில்பிளெய்ன் என்று சீட்டில் எழுதுவார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறும், சொறியாமல் இருந்தால்.

ஆடிக் கூழ் ஊற்றும்போது கோயில் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. பக்கத்தில் கம்பளத்தில் நின்றால் வலி இல்லை. இரண்டும் ஒரே கூடம்தானே?

ஊரில் ஆடி வெயிலுக்குக் கூழ் குளிர்ச்சி. இங்கே ஆடி நடுக்குளிரில் வருகிறது, மாரியம்மனுக்கு அது ஒரு பொருட்டில்லை. டைல்ஸும் கம்பளமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. டைல்ஸ் பாதத்தின் சூட்டை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும், கம்பளம் மெதுவாக. நரம்புக்குத் தெரிவது தரையின் வெப்பம் இல்லை, உங்கள் தோலின் வெப்பம்தான். சாக்ஸ் போட்டுக்கொள்ள அனுமதிக்கிற கோயில்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

டிசம்பர் லீவில் கேப் டவுன் போய்க் கடலில் கால் வைத்தேன். கணுக்கால் கழன்று விழுகிற மாதிரி வலி. கோடைக்காலம்தானே அண்ணா?

கோடைக்காலம் என்பதால்தான்! அங்கே கோடையில் அடிக்கிற தென்கிழக்குக் காற்று கடலின் மேல்நீரைக் கரையை விட்டுத் தள்ளுகிறது. அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கேப் டவுனின் கிளிஃப்டன் கடற்கரையில் வெயில் கொளுத்தும்போது தண்ணீர் 10 முதல் 13 டிகிரியில் இருப்பது சாதாரணம். டர்பனுக்கு அகுல்யாஸ் நீரோட்டம் வெப்பமான நீரைக் கொண்டு வருவதால் நடுக்குளிர்காலத்தில்கூட 20-ஐ ஒட்டி இருக்கும். டர்பன் கடலில் வளர்ந்தவர்கள் கேப் டவுனில் அலறுவது நியாயம்தான்.

காற்றைவிடத் தண்ணீர் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால் 12 டிகிரிக் காற்றில் உலாவலாம், 12 டிகிரித் தண்ணீரில் ஒரு நிமிடத்தில் கால் கடுக்கும். முதல் பதிலில் சொன்ன 15 டிகிரி எல்லையைத் தோல் மின்னல் வேகத்தில் தாண்டிவிடுகிறது.

டர்பனில் இருந்தவரை வலிக்காத ஆயாவின் முட்டி இங்கே வந்ததும் வலிக்கிறது. குளிர்தான் காரணமா?

டர்பனில் ஜூலையிலும் பகலில் 22, 23 டிகிரி. ஆயா அங்கே காலையில் வாசலில் உட்காருவார், கடைக்கு நடப்பார். இங்கே காலை பத்து மணிவரை போர்வைக்குள். அசையாத முட்டி விறைக்கும். குளிரில் தசை இறுகும், மூட்டுக்குள் இருக்கிற வழவழப்பான திரவமும் கெட்டிப்படும். ஆனால் குளிரும் மழையும் மூட்டுவலியை நேரடியாகக் கூட்டுகின்றனவா என்ற ஆராய்ச்சிகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சின்னத் தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் ஒன்றும் இல்லை.

என் அனுபவத்தில் ஹீட் பேடைவிட நடைதான் உதவுகிறது. இந்த ஊர்க் குளிர்காலத்தில் மதிய வெயில் அருமையாக இருக்கும், ஆயாவை வெளியே அழைத்துப் போங்கள். முட்டி வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அது குளிர் வேலை இல்லை, காட்ட வேண்டும்.

ஐஸைக் கையில் பிடித்தால் சுடுகிறதே. குளிர்ச்சி எப்படிச் சுடும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1896-இல் துன்பர்க் என்ற சுவீடன்காரர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். இளஞ்சூடான கம்பியும் இளங்குளிரான கம்பியும் மாறி மாறி அடுக்கி, அதன்மேல் கையை வைத்தால் நெருப்பைத் தொட்டது போல எரிகிறது. எந்தக் கம்பியும் தனியாகத் தொட்டால் வலிக்காது. எரிச்சலை மூளை எப்படித் தயாரிக்கிறது என்பதற்கு இது ஒரு சாவி. சாதாரண நேரத்தில் "சில்" என்கிற செய்தி, வலிச் செய்தியைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் எரிச்சல் மேலே வருகிறது.

கடுங்குளிருக்கும் கடும் சூட்டுக்கும் பதில் சொல்லும் நரம்புகளில் பல ஒன்றேதான் என்பதும் சேர்ந்துகொள்கிறது. இரண்டிலும் மூளைக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்றுதான்: தோல் கெடப் போகிறது, எடு.

ஐஸ்கிரீம் வேகமாகத் தின்றால் நெற்றி விண்ணென்று வலிக்கிறது, பல்லும் கூசுகிறது. இதுவும் அதேதானா?

நெற்றி வலி மேலண்ணத்தில் இருந்து வருவது. அங்கே குழாய்கள் சட்டென்று சுருங்கி விரிய, அந்தச் செய்தியை எடுத்துப் போகும் நரம்பு நெற்றிக்கும் பொறுப்பானது என்பதால் மூளை முகவரியை மாற்றிப் படிக்கிறது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வையுங்கள், அரை நிமிடத்தில் போய்விடும். பல்கூச்சம் எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ வருவது. குளிர்ந்த தண்ணீர் பட்டு ஒரு நொடியில் நின்றால் கூச்சத்துக்கான பற்பசை போதும், நிற்காமல் விண்விண் என்றால் பல் மருத்துவர்.

தைலம் தேய்த்தால் உடம்பு சூடேறுகிறது. குளிர் வலிக்கு நல்லதுதானே?

தைலத்தில் இருக்கும் மென்தால், முதல் பதிலில் சொன்ன அதே டிஆர்பிஎம்8 வாயிலைத் திறக்கிறது. அதாவது அது நரம்புக்குச் சொல்வது "சில்" என்றுதான். தேய்க்கும் கையின் உரசலும், தைலத்தில் உள்ள மற்றச் சரக்குகளும், தோல் சிவப்பதும் சேர்ந்து சூடு மாதிரித் தோன்றுகிறது. உடம்பின் வெப்பம் ஏறுவதில்லை. வலியிலிருந்து கவனம் திரும்பும், அது உண்மை. ஆகவே தேய்த்துக்கொள்ளுங்கள், ஆனால் தைலத்தை நம்பி ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள். இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு மென்தாலும் கற்பூரமும் வேண்டாம், மூக்கடியில் தடவவே கூடாது.

மிளகு ரசமும் இதே கதைதான், வேறு வாயில் வழியாக. காரம் சூட்டை உணரும் வாயிலைத் திறக்கிறது. ஆனால் ரசம் சூடாகவும் இருக்கும், குடிக்கவும் நன்றாக இருக்கும். அதைத் தடுக்க மாட்டேன்.

குளிர் வலிக்கும் என்கிறீர்கள், சுளுக்குக்கு ஐஸ் வை என்றும் சொல்கிறீர்கள். எது சரி?

இரண்டும். நரம்பின் வேகத்தைக் குளிர் குறைக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, சுளுக்கில் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம். துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடத்துக்குள், அப்புறம் எடுத்துவிட வேண்டும். நேரடியாகத் தோலில் வைத்துத் தூங்கிப்போனவர்களுக்குக் கொப்புளம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு விரல் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு சிவந்து வலிக்கிறது. இரத்தசோகையா?

இதற்கு ரேனாட் என்று பெயர், 1862-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர். கஞ்சத்தனம் அளவு கடந்து போன நிலை: ஃப்ரிட்ஜிலிருந்து பால் எடுத்தாலே குழாய்கள் மூடிக்கொள்ளும். பெண்களுக்கு அதிகம். சிகரெட் இதைக் கூட்டும். அதிரும் துளைக்கருவியைப் பிடித்துச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் வரும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும், மூக்கடைப்புக்குக் கேட்டு வாங்குகிற சில ஜலதோஷ மாத்திரைகளும் கூட்டும். ஆகவே மருந்துக்கடையில் இதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

பலருக்கு இது தொந்தரவு மட்டும்தான். ஆனால் முப்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். குழாயை விரிக்கிற மருந்துகள் இருக்கின்றன.

அப்பாவுக்குச் சர்க்கரை. இந்தக் குளிரிலும் கால் எரிகிறது என்கிறார், ஆனால் தொட்டால் தெரியவில்லை என்கிறார். சுடுதண்ணீர்ப் பை வைக்கலாமா?

வேண்டாம். சர்க்கரையால் நரம்பு பழுதாகியிருந்தால் உண்மையான சூடு தெரியாது, இல்லாத எரிச்சல் தெரியும். சுடுதண்ணீர்ப் பை, மின்கம்பளம், ஹீட்டர் மூன்றும் அவர் காலைப் பொசுக்கிவிடும், காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் நமக்கே தெரியும். படுக்கையை முன்னதாகச் சூடாக்கி, பையை எடுத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள், தளர்வான கம்பளிச் சாக்ஸ் போடட்டும். இங்கே குளிர்காலம் மழையே இல்லாத வறண்ட காலம், குதிகால் பாளம் பாளமாக வெடிக்கும். தினமும் ஆக்வியஸ் கிரீம் தடவி, பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

புற்றுநோய்க்கு ஆக்சாலிபிளாட்டின் ஏறியவர்கள் ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டாலே சுரீர் என்பார்கள். அது அந்த மருந்தின் அறியப்பட்ட விளைவு, சிகிச்சை தருகிறவர்களிடம் சொல்லுங்கள்.

கதவு, ஜன்னல் எல்லாம் மூடி வைத்தும் எல்லாருக்கும் காலையில் தலைவலி. குளிர் தலைக்கு ஏறிவிட்டதா?

உள்ளே என்ன எரிகிறது என்று முதலில் சொல்லுங்கள். மின்சாரம் போன இரவில் பிராய் (வெளியே கரி மூட்டி இறைச்சி சுடுவது) போட்ட கரியையோ, தகர டின்னில் ஓட்டை போட்ட இம்பாவுலா அடுப்பையோ வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தால், அது குளிர் வலி இல்லை, கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று ஒரே நேரத்தில் வீட்டில் எல்லாருக்கும் வரும், வெளியே போனால் குறையும். உடனே எல்லாரையும் வெளியே கொண்டுவந்து உதவி கூப்பிடுங்கள். கரியை எந்தக் காரணத்துக்கும் உள்ளே வைக்காதீர்கள், கேஸ் ஹீட்டர் என்றால் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

காலை நடையில் குளிர் நெஞ்சைப் பிடிக்கிறது. வாயுவா?

வாயு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். குளிரில் குழாய்கள் இறுகுவதால் இரத்த அழுத்தம் ஏறும், இதயம் அதை எதிர்த்து இறைக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது நெஞ்சு அமுங்கி, நின்றால் விடுகிறது என்றால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஓய்விலும் விடவில்லை, கையோ தாடையோ வலிக்கிறது, வியர்க்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: 10177, கைப்பேசியிலிருந்து 112. கடைக்கு ஜெலுசில் கேட்டு வர வேண்டாம்.

இங்கே ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசுகிற பிள்ளைகள் நடுக்குளிரில் வெறுங்காலோடு, அரைக்கால் சட்டையோடு திரிகிறார்கள். அவர்களுக்கு மட்டும் ஏன் வலிக்கவில்லை?

வலிக்கும், குறைவாக. திரும்பத் திரும்பக் குளிர் பட்டால் உடம்பின் பதறல் தணிகிறது, வலி என்று சொல்லும் அளவும் மாறுகிறது. வெறுங்காலிலேயே நடந்த பாதத்தின் தோல் தடிப்பாகவும் இருக்கும். அப்புறம், அந்தப் பிள்ளைகள் ஒரு நிமிடம் நிற்பதில்லை. ஓடுகிற உடம்பில் நடுப்பகுதி சூடாக இருப்பதால் காலுக்கும் இரத்தம் போகிறது, கையுறைக் கேள்வியில் சொன்ன கணக்குதான். பழக்கம் என்பது பல குளிர்காலங்களின் வேலை. என் மகன் போன ஜூலையில் பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துச் செருப்பைக் கழற்றி வீசிவிட்டுப் புல்வெளிக்கு ஓடினான். உறைபனி படிந்த புல். நான்கு நிமிடத்தில் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல், என் சாக்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டான்.